கடைக்கண்ணும் கொல்லிப்பாவையும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறுகிறவனுக்கு மலை ஓரிடத்திலும் நேர்முகமாகக் காட்சி தருவதில்லை. பள்ளத்தாக்கைக் கடைக்கண்ணால் கண்டுகொண்டே மேலேறும் அவனுக்கு, அம்மலையின் தெய்வமும் முறுவலால் ஆளை ஈர்த்துக் கொல்லும் ஒரு பாவையே என்னும் மரபுக்கதை பெரிய வியப்பைத் தராது. ஒரே முகக்குறிப்பை ஒருவன் அருளென்றும் மற்றொருவன் ஆபத்தென்றும் கொள்வதற்குக் காரணம் என்ன என்பதே இங்கு நம்முடைய விசாரணை.

ஆங்கிலத்தில் ஓரமாகப் பார்ப்பதைக் குறிக்கும் 'அஸ்கான்ஸ்' என்னும் சொல், இன்று பெரும்பாலும் சந்தேகத்தோடும் அருவருப்போடும் பார்த்தலையே உணர்த்துகிறது. 1530இல் பால்ஸ்கிரேவ் இயற்றிய பிரெஞ்சு இலக்கண நூலில் அது குறுக்காக என்னும் பொருளில் காணப்படுகிறது; 1667இல் வெளிவந்த மில்டனின் காவியத்திலோ, ஆதாமையும் ஏவாளையும் சாத்தான் பொறாமையோடு நோக்குவதற்கும், பூமியின் துருவங்கள் சாய்க்கப்படுவதற்கும் அச்சொல்லே பயன்படுகிறது. அதன் பிறப்பு நிர்ணயமாகவில்லை. இத்தாலியச் சொல்லொன்றைக் காட்டுவாரும், டச்சுச் சொல்லொன்றைக் காட்டுவாரும் உண்டு. என் அபிப்பிராயத்தில், 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் கையாண்ட 'அஸ்கான்சஸ்' என்னும் பழஞ்சொல்லே அதிகக் கவனத்துக்கு உரியது. அதன் அர்த்தம் 'என்பது போல' என்பதுதான். ஆனால் தம் காவியத்தின் நாயகி கிரிசெய்டு தன் பார்வையைச் சற்றே ஒருபுறம் சாய்த்து, 'நான் இங்கே நிற்கக்கூடாதா?' என்று கேட்பவள் போல நின்ற கட்டத்தில் சாசர் அதைப் பிரயோகித்திருக்கிறார். ஒலியொப்புமையை நம்பிச் சொல்வரலாறு எழுதுவது அபாயமான காரியம் என்பதை நான் மறக்கவில்லை; எனினும் 'போல' என்னும் சொல் பார்வையின் சாய்வோடு இவ்வளவு நெருங்கி நின்ற இடம் வேறொன்று அம்மொழியில் எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழில் கிடைக்கிறது. குறிப்பறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் 'சிறக்கணித்தாள்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், 'போல' என்பதையும் சேர்த்தே சொல்லுகிறார். ஒரு கண்ணைச் சுருக்கி ஓரமாக நோக்குவது போன்ற பாவனை அது. நேரே பாராமையே அங்கு அன்பின் சான்றாகிறது. ஆங்கிலேயன் வெறுப்பைக் கண்ட அதே சாய்வில் நம்மவர் காதலைக் கண்டனர்; வடமொழிவழி வந்த 'கடாட்சம்' என்னும் சொல்லில் தெய்வத்தின் அநுக்கிரகத்தையே கண்டனர்; அபிராமி அந்தாதி செல்வத்தையும் கல்வியையும் கேட்பது அன்னையின் கடைக்கண்ணிடத்தில் அன்றோ? ஆயினும் தமிழன் பக்கச் சாய்வை எங்கும் கொண்டாடினான் என்று முடிவுகட்டிவிடலாகாது. வழக்குமன்றத்தில் ஒருபக்கம் சாய்ந்து பேசுதலை 'ஓரஞ்சொல்லுதல்' என்று நல்வழி கண்டிக்கிறது. வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு கவளம் கூடுதலாக வைத்தாலும் 'ஓரவஞ்சனை' என்று மற்றப் பிள்ளை முறையிடுகிறது. கண்ணின் சாய்வு இனிது, நீதியின் சாய்வு கொடிது என்று இரண்டையும் வெவ்வேறு சொற்களில் பிரித்து வைத்தது நம் மொழி. ஆங்கிலச் சொல்லில் அந்தப் பாகுபாடு இல்லை.

கொல்லிப்பாவைக்கு வருவோம். கடவுள் ஆக்கிய பாவை என்று அகநானூற்றில் கல்லாடனார் அவளைப் பாடுகிறார். இடியும் காற்றும் மழையும் நிலநடுக்கமும் சிதைக்கமுடியாத அவள் உருவைத் தலைவியின் நினைவுக்கு உவமையாக்குகிறது நற்றிணை. இன்று எட்டுக்கை அம்மனாக வழிபடப்படுபவள் அவளே என்பது மலைமக்கள் நம்பிக்கை. 'பாவை' என்னும் சொல்லுக்குப் பதுமை என்றும், கண்ணின் கருமணி என்றும் இருபொருள் உண்டு. எதிரே நிற்பவனின் உருவம் கருமணியில் சிறு பதுமையாகத் தோன்றுவதே இதற்குக் காரணமாகலாம். லத்தீனிலும் சிறுமியையும் பதுமையையும் குறித்த சொல்லே கருமணிக்கும் ஆயிற்று. விளக்கொளியில் ஒருவர் கண்ணை அருகிருந்து பார்த்தால் இதைச் சோதித்துக்கொள்ளலாம்: அவர் நேரே நோக்கும்போது நம் உருவம் கருமணியின் நடுவில் அசையாது நிற்கிறது, அவர் பார்வையைப் பக்கவாட்டில் திருப்பிய கணத்தில் அது நடுவைவிட்டு வழுவி விளிம்புக்கு ஒதுங்குகிறது.