சீட்டி

தஞ்சைப் பக்கத்துப் பாட்டிமார் 'சீட்டிப் பாவாடை' என்பார்கள். மலிவான பூப்போட்ட பருத்தித் துணி என்பதுதான் இன்று அந்தச் சொல்லுக்கு மிஞ்சியிருக்கும் பொருள். அது இழந்த மதிப்பை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

வடக்கே 'சீண்ட்' என்றால் தெளிப்பு, புள்ளி. அதுவே நமக்குச் சீட்டி. டச்சுக்காரருக்குச் 'சிட்ஸ்', ஆங்கிலேயருக்குச் 'சின்ட்ஸ்'. அந்நாளில் சோழமண்டலக் கரையின் உயர்ந்த சீட்டி கையால் எழுதப்பட்டது. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவார்கள். சிவப்பு வேண்டிய இடங்களில் மட்டும் மூங்கில் எழுதுகோலால் படிகாரக் கரைசலைத் தீட்டி, சாயவேர் இட்ட நீரில் கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் சாயம் கவ்விக்கொள்ளும். மற்ற இடம் வெளுத்துவிடும். துவைத்தாலும் போகாத அந்தச் சிவப்புக்காகத்தான் கப்பல்கள் வந்தன.

1658இல் டச்சுக் கம்பெனி நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது. டச்சுக் கப்பல்களில் சோழமண்டலத் துணி நாகசாகிவரை போயிற்று. ஜப்பானியர் அதைச் 'சராசா' என்றார்கள். அரிய சரக்கு என்பதால் சிறு துண்டையும் வீணாக்கவில்லை. கிமோனோவுக்குள் அணியும் உள்ளங்கியாகவும், தேநீர்ச் சடங்கின் தேயிலைத்தூள் சிமிழுக்கு உறையாகவும் தைத்தார்கள். ஹிகோனே பிரபுக்களான ஈ குடும்பத்தார் சேர்த்துவைத்த 450 சராசாத் துண்டுகள் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்நாளில் எடோ என்று வழங்கிய டோக்கியோ நகரத்தார் விரும்பி அணிந்த கோடு போட்ட கிமோனோத் துணிக்குத் 'தோசான்' என்று பெயர். அந்தச் 'சான்' நம் சாந்தோம்தான்!

இங்கே என்ன ஆயிற்று? கொள்ளிடத்துக்கு வடக்கே கோடாலிக்கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரண்மனைக்கென்று சேலை நெய்தார்கள். சரிகைப் பூவைத் தறியிலேயே இழைத்து, அதற்குமேல் மெழுகிட்டுச் சாயமும் ஏற்றினார்கள். கருஞ்சிவப்புக்கு நடுவே பொன் மின்னும். 1855இல் அரச வம்சம் முடிந்தது. ஆதரவின்றிச் சேலையும் அந்த நூற்றாண்டிலேயே நின்றுபோனது. சீமையிலிருந்து இயந்திர அச்சுத்துணி வந்து குவிந்தது. சீட்டி என்ற பெயர் அதற்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் எழுதுகோலால் துணியில் தீட்டும் கலை முற்றிலும் அழிந்துவிடவில்லை. கருப்பூர்க் கலம்காரி என்ற பெயரில் அதற்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் கோயில்களில் தொங்கவிடும் தொம்பையும் விதானமும் எழுதுகிறார்கள். டோக்கியோவுக்குப் போய்க் கிமோனோவை ரசிக்கிறவர்கள் சராசாவையும் தேடிப் பாருங்கள். அதற்கு முன், இந்த ஊருக்கு ஒருமுறை போய் ஒரு துணியாவது வாங்கி வாருங்கள்.