ரொட்டிப் பொம்மையிலிருந்து பிறந்த சிற்பம்

சாப்பாட்டு மேசையில் அப்பா பேசிக்கொண்டே இருப்பார். பேச்சு முழுக்கத் தற்பெருமை. எதிர்த்துப் பேச வழியில்லாத சிறுமி, வெள்ளை ரொட்டியை எடுத்து எச்சில் தொட்டுப் பிசைந்து அவரைப் போலவே ஒரு பொம்மை செய்வாள். செய்து முடித்ததும், கத்தியால் அதன் கை கால்களை ஒவ்வொன்றாக அறுப்பாள். தன் முதல் சிற்பம் அதுதான் என்று பிற்காலத்தில் சொன்னார் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா.

1911இல் பாரிஸில் பிறந்தவர் அவர். பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிடுவது குடும்பத் தொழில். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வீட்டோடு வந்து தங்கிய ஆசிரியையுடன் அப்பாவுக்கு உறவு ஏற்பட்டது. அம்மா தெரிந்தும் பொறுத்துக்கொண்டார். எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் பேச முடியாத வீட்டில் அந்தக் குழந்தை வளர்ந்தது. போதாததற்கு, ஆரஞ்சுத் தோலில் பெண்ணுருவம் வெட்டி, மகள் ஆணாகப் பிறக்கவில்லை என்பதை எல்லோர் முன்னும் கேலி செய்வார் அப்பா.

மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளை 1936இல் ஒரு நூலில் விளக்கினார் உளப்பகுப்பாய்வாளர் ஆனா ஃபிராய்ட். மிரட்டப்படும் குழந்தை, விளையாட்டில் தானே மிரட்டுபவராக மாறி அச்சத்தைத் தாங்கிக்கொள்வது அவற்றுள் ஒன்று. ரொட்டியை அறுத்த கை செய்ததும் இதையே.

1938இல் திருமணமாகி நியூயார்க்கில் குடியேறினார் லூயிஸ். 1951இல் அப்பா இறந்ததும் கடும் மனச்சோர்வில் விழுந்தார். அடுத்த ஆண்டு ஹென்றி லோவன்ஃபெல்ட் என்ற மருத்துவரிடம் உளப்பகுப்பாய்வு தொடங்கியது. இடையிடையே விட்டுத் தொடர்ந்த அந்தச் சிகிச்சை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது.

1973இல் கணவர் இறந்தார். அதற்கடுத்த ஆண்டு, அறுபது வயதைக் கடந்திருந்த லூயிஸ் அந்த மேசைக்குத் திரும்பினார். சந்தையில் ஆட்டின் தோள்கறியும் கோழிக்காலும் வாங்கிப் பிளாஸ்டரில் அழுத்தி அச்செடுத்தார். இறைச்சியை நீக்கிவிட்டு, அந்த வடிவங்களை ரப்பர்ப் பாலில் வார்த்தார். குகை போன்ற ஓர் அறை, மேலும் கீழும் புடைத்த உருண்டைகள், நடுவே உணவு மேசையாகவும் படுக்கையாகவும் தோன்றும் பரப்பு, அதன்மேல் சிதறிய துண்டுகள், எங்கும் சிவப்பு வெளிச்சம். பொறுக்க முடியாத பிள்ளைகள் அப்பாவை மேசைமேல் இழுத்துப் போட்டுத் தின்றுவிட்டார்கள் என்பதே கதை. ‘தந்தையின் அழிவு’ என்று பெயரிட்டார்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை; ஆனால் அதற்கு ஒரு வடிவம் கிடைத்திருந்தது. பிறரை வெட்டாமலும் தன்னையே வெட்டிக்கொள்ளாமலும் அதை வெளியே வைத்துப் பார்க்க அவரால் முடிந்தது. கலை அவருக்குச் செய்த பேருதவி இது. ஆனால் கலை மட்டுமே போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. கேட்பதற்கு ஒரு மருத்துவரும் இருந்தார்.

உங்கள் வீட்டுக் குழந்தை ஒரு பொம்மையைத் திரும்பத் திரும்பச் சிதைத்தால் உடனே அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பொம்மை யார் என்று கேளுங்கள்.