பிராட்டோ வணிகர் வீட்டுக் கடிதங்கள்

வங்கியில் முப்பத்தைந்து வருஷம் பேரேடுகளோடு காலம் தள்ளியவன் நான். ஃப்ளாரன்ஸில் வேலையாக இருக்கும் என் மகனிடம் சென்றிருந்தபோது, தேவாலயங்களையும் சிற்பங்களையும் பார்த்து முடித்ததும், "அப்பா, உனக்கென்றே ஓர் இடம் இருக்கிறது" என்று சொல்லி, ரயிலில் பக்கத்து ஊரான பிராட்டோவுக்கு அழைத்துப் போனான்.

அங்கே நாங்கள் பார்த்தது 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஃபிரான்செஸ்கோ தத்தீனி என்ற வணிகரின் வீடு. அவர் மன்னரும் அல்ல, மகானும் அல்ல. 1348-ல் வந்த பெரும் கொள்ளைநோயில் தாய் தந்தையரை இழந்து, பதினைந்து வயதில் பிழைப்புத் தேடி, போப்பாண்டவர் அப்போது வசித்த அவினியோன் நகருக்குப் போனவர். வியாபாரத்தில் நிறையச் சம்பாதித்துக்கொண்டு 1383-ல் ஊர் திரும்பினார். பீசா, ஜெனோவா, பார்சலோனா என்று பல ஊர்களில் கிளைகள் வைத்தார். அவருடைய கணக்குப் புத்தகங்களில் கடவுளின் பெயரும் லாபத்தின் பெயரும் சேர்ந்தே இருக்கும். நம் வடநாட்டுக் கடைக்காரர்கள் கணக்குப் புத்தகத்தில் 'சுப லாப்' என்று எழுதுவது எனக்கு ஞாபகம் வந்தது.

தத்தீனி எந்தக் காகிதத்தையும் எறிந்ததில்லை. 1870-ல் மாடிப்படிக்கு அடியிலிருந்து அவை வெளிப்பட்டன. சுமார் 1,50,000 கடிதங்கள். 500-க்கும் மேற்பட்ட கணக்குப் புத்தகங்கள்! உண்டியல், சரக்குக் காப்பீடு என்று நான் வங்கியில் கண்ட தஸ்தாவேஜுகளின் மூதாதையர் எல்லாம் அதில் உண்டு.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டவை அவர் மனைவி மார்கெரீதாவின் கடிதங்கள். சுமார் 250 கிடைத்திருக்கின்றன. கணவர் தொழில் நிமித்தம் பெரும்பாலும் ஃப்ளாரன்ஸிலோ பீசாவிலோ இருப்பார். அங்கிருந்தபடியே மாவு அரைப்பது, ஒயின் பீப்பாயைக் கவனிப்பது, கோவேறு கழுதைக்குத் தீனி வைப்பது, கதவைப் பூட்டுவது வரை உத்தரவுகள் வரும். அம்மாளும் சளைத்தவர் அல்ல. நிம்மதியாக வாழப்போகிறோம் என்று வருஷக்கணக்கில் சொல்கிறீர்களே, அந்த நாள் எப்போது வரும் என்று கேட்டு எழுதுகிறார்.

கல்யாணத்தின்போது அவருக்கு வயது பதினாறு. சரளமாக எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார். அதாவது, புருஷன் பெண்டாட்டிக்குள் உள்ள மனஸ்தாபமும் மூன்றாம் மனிதர் காதில் விழுந்துதான் கடிதத்தில் ஏறவேண்டும். முப்பது வயதைத் தாண்டிய பிறகு அவர் தாமே எழுதக் கற்றுக்கொண்டார். தம் கைப்படக் கடிதங்கள் எழுதினார்.

அவருக்குக் குழந்தை இல்லை. அக்கால டஸ்கனியில் பணக்கார வீடுகளில் அடிமைப் பெண்களை விலைக்கு வாங்கி வைத்திருந்தார்கள். அப்படி அந்த வீட்டிலிருந்த லூசியாவுக்கும் தத்தீனிக்கும் 1392-ல் ஜினேவ்ரா என்ற பெண் பிறந்தாள். சில வருஷங்கள் கழித்து வீட்டுக்கு வந்த அந்தக் குழந்தையை மார்கெரீதா தம் மகளாகவே வளர்த்தார். கல்யாணத்துக்கு 1,000 ஃப்ளோரின் சீர் கொடுத்தார்கள். லூசியாவையோ ஒரு வேலைக்காரருக்கு மணமுடித்து வைத்துவிட்டார்கள். பெற்றவள் மனத்தில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல அவள் கையெழுத்தில் எதுவும் அங்கே இல்லை. இத்தனை ஆயிரம் காகிதங்களுக்கு நடுவே அந்த மௌனம் என்னை உறுத்தியது.

தத்தீனி 1410-ல் காலமானார். ஏறக்குறைய 70,000 ஃப்ளோரின் மதிப்புள்ள ஆஸ்தியை ஊர் ஏழைகளுக்கான தர்ம ஸ்தாபனத்துக்கு எழுதி வைத்தார். ஆனாலும் அவர் விட்டுப்போன பெரிய சொத்து அந்தக் காகிதங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ராஜாக்களின் கதையைக் கல்வெட்டு சொல்லும். ஒரு வீட்டில் அன்றைக்கு மாவு அரைத்தார்களா, மனைவி கோபமாக இருந்தாளா என்பதைக் கடிதம்தான் சொல்லும்.

இதை எழுதும்போது ஒரு குற்ற உணர்ச்சி. நாக்பூரிலிருந்து மாற்றலாகி வீட்டைக் காலி செய்தபோது, என் தாயார் இருபது வருஷம் எனக்கு எழுதிய இன்லண்ட் கடிதங்களைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். நாலாம் வகுப்பு வரை படித்தவர், கோணல் எழுத்து. தேங்காய் விலையும், அப்பாவின் இருமலும், அடுத்த திவசத் திதியும்தான் அவற்றில் இருக்கும். அன்று அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கட்டு இருந்தால், தயவுசெய்து அதைக் கீழே இறக்கி, தூசி தட்டி, பத்திரமாக வையுங்கள்.