சாவடியும் பக்கவழியும்

சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் செல்லும் சாலையில், பண்ணாரி சோதனைச் சாவடிக்கு முன்பாக ஒருநாள் இரவைக் கழிக்க நேர்ந்தது. மேலே 27 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்கு அப்பால் திம்பம், ஆசனூர், பிறகு கர்நாடகம். புலிகள் காப்பகத்தினூடே செல்லும் இப்பாதையில் மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை கனரக வாகனங்கள் செல்லக்கூடாது. மாவட்ட ஆட்சியரின் 2019ஆம் ஆண்டு உத்தரவு ஏட்டளவில் கிடக்க, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2022 பிப்ரவரி 10 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. லாரிகள் சாலையோரத்தில் வரிசையாக நின்றிருந்தன. தேநீர்க் கடையில் அருகே அமர்ந்திருந்த ஓட்டுநர் ஒருவரிடம், தடையால் சிரமம்தானே என்று கேட்டேன்.

"இந்தத் தடை பரவாயில்லீங்க. யானைக்கும் தூங்கோணுமில்ல. ஆறு மணிக்கு கேட்டு தொறப்பாங்கன்னு தெரியும், படுத்துக்கலாம். எப்பத் தொறக்கும், எவ்வளவு குடுத்தாத் தொறக்கும்னு தெரியாத கேட்டு இருக்குது பாருங்க, அதுதான் சிரமம்."

தொடர்ந்து, சற்றுத் தயங்கி, "ஃபைனுன்னா ரசீது உண்டுங்க. மத்ததுக்கு ரசீது ஏது? மொதலாளிகிட்ட எதைக் காட்டறது? நம்ம பேட்டாவுலதான் போகும்" என்றார்.

அந்த ரசீதைப் பற்றி யோசித்துக்கொண்டே ஊர் திரும்பினேன். சாலையில் சரக்கோடு செல்பவனுக்கும் அவனை நிறுத்தும் அதிகாரம் பெற்றவனுக்கும் இடையிலான உறவுக்கு நம் மண்ணில் நெடிய வரலாறு உண்டு.

சங்க இலக்கியம் அறிந்தவர்களுக்கு உமணர்களைத் தெரியும். உப்பு மூட்டைகளை ஏற்றிய வண்டிகளோடு கூட்டமாக உள்நாடு செல்பவர்கள். வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டி எடுத்துச் செல்வார்கள் என்பதைப் புறநானூற்றில் ஔவையாரின் பாடலால் அறிகிறோம். இன்றைய லாரியின் அடியில் தொங்கும் ஸ்டெப்னிக்கு அதுவே மூதாதை. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு செல்லும் வணிகர்களும், உல்கு வாங்கும் பெருவழிகளும், அங்கே காவல் நிற்கும் வில் வீரர்களும் வருகிறார்கள். பட்டினப்பாலை காட்டும் புகாரிலோ பொதிகளின் மேல் புலிச் சின்னம் பொறிக்கப்படுகிறது. அந்தப் பொறியைத்தான் அரசு தந்த ரசீது என்று கொள்ள வேண்டும்.

சாவடி தோன்றிய நாளிலேயே அதைச் சுற்றிச் செல்லும் பக்கவழியும் தோன்றியிருக்க வேண்டும். அர்த்தசாஸ்திரம் அதை மறைக்கவில்லை. சுங்கக் கொடியைக் கடந்து வரி கட்டாமல் சென்றவனுக்கு வரியைப்போல் எட்டு மடங்கு தண்டம் என்கிறது. இத்தகையோரை அறிந்து சொல்ல, வழியிலும் வழிக்கு வெளியிலும் ஆட்கள் உலவ வேண்டும் என்றும் சொல்கிறது. குறுக்கு வழியை அடைக்க முடியாது, கண்காணிக்கத்தான் முடியும் என்பதை அந்நூலாசிரியர் உணர்ந்திருந்தார். முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த' என்ற அடைமொழி நிலைத்தது. எந்தச் சுங்கம், எவ்வளவு என்பதை அறிஞர்கள் விவாதிக்கட்டும். தவிர்த்ததே ஒரு மன்னனின் புகழாக நின்றது என்றால், அது மக்களை எவ்வளவு அழுத்தியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

கம்பெனி ஆட்சியில் சாவடிகள் மேலும் பெருகின. 1834இல் சார்லஸ் டிரெவெலியன் வங்காளத்தின் உள்நாட்டுச் சுங்கம் குறித்து ஓர் அறிக்கை எழுதினார். பின்னாளில் அயர்லாந்துப் பஞ்சத்தின்போது ஈரமின்றி நடந்துகொண்டவர் என்று கண்டிக்கப்பட்டவர். 1859இல் சென்னை மாகாண ஆளுநராகவும் வந்தவர். இந்த அறிக்கையில் மட்டும் அவர் கண் கூர்மையாக இருந்தது. சௌக்கி ஊழியனுக்குச் சொற்பச் சம்பளம். ஆனால் மூட்டையை அவிழ்த்துச் சோதிக்கும் அதிகாரம் உண்டு. வணிகன் அஞ்சுவது வரிக்கு அல்ல, தாமதத்துக்கு. ஆகவே அரசுக்குச் சேரும் தொகையைவிட வணிகம் இழப்பது மிக அதிகம். வங்காளத்தில் 1836இலும் பம்பாயில் 1838இலும் சென்னையில் 1844இலும் இந்த உள்நாட்டுச் சுங்கங்கள் நீக்கப்பட்டன.

ஆனால் உப்பு தப்பவில்லை. சிந்து நதிப் பக்கமிருந்து ஒடிசா வரை ஏறத்தாழ 2,300 மைல் நீளத்துக்குச் சுங்கக் கோடு நீண்டது. அதன் பல பகுதிகளில் கருவேலும் இலந்தையும் சப்பாத்திக் கள்ளியும் வளர்த்து உயிர்வேலி எழுப்பினார்கள். காவலுக்கு ஏறத்தாழ 12,000 பேர். ராய் மாக்ஸம் தேடிக் கண்டு எழுதிய இக்கதை, சிறில் அலெக்ஸின் மொழிபெயர்ப்பில் 'உப்பு வேலி'யாகத் தமிழில் கிடைக்கிறது. பக்கவழியே இல்லாமல் செய்ய ஓர் அரசு எடுத்த பெருமுயற்சி அது. 1879இல் அதைக் கைவிட்டார்கள்.

தென்னாட்டில் சிக்கல் வேறு வடிவம் கொண்டிருந்தது. இங்கே வரி வாங்குபவரும் காவல் அதிகாரம் உடையவரும் ஒருவரே. அதன் விளைவுகளை 1855இல் வெளியான சென்னைச் சித்திரவதை விசாரணை அறிக்கை பதிவுசெய்தது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் காவல்துறை தனித் துறையாயிற்று. அதிகாரங்கள் பிரிந்தன, பழக்கம் பிரியவில்லை. 'மாமூல்' என்ற அரபுச் சொல்லுக்கு வழக்கமானது என்றே பொருள். வருவாய்த்துறை ஆவணங்களில் அது நெடுநாள் வழக்கத்தைக் குறித்த மரியாதையான சொல். கையூட்டுக்கு அச்சொல் நிலைத்துவிட்டதே ஒரு வரலாற்றுச் சான்று. கொடுப்பவனும் வாங்குபவனும் அதைக் குற்றமாகக் கருதாமல் மரபாகக் கொண்டுவிட்டார்கள்.

2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. டிரெவெலியன் கேட்டது இரண்டு நூற்றாண்டுகள் நெருங்கும்போது மீண்டும் ஒருமுறை நிறைவேறியது எனலாம். ஆயினும் சேவ்லைஃப் அறக்கட்டளை பத்து நகரங்களில் ஓட்டுநர்களிடம் விசாரித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் சாலையில் லஞ்சம் கொடுத்ததாகக் கூறினர். நாடு முழுவதற்குமான தொகை ஆண்டுக்குச் சுமார் 48,000 கோடி ரூபாய் என அவ்வாய்வு மதிப்பிட்டது.

இதனால் கட்டுப்பாடே கூடாது என்று சொல்ல வரவில்லை. சுங்கச் சாவடியைத் தவிர்க்க ஊருக்குள் நுழையும் லாரியால் கிராமத்துச் சாலை நொறுங்குகிறது. மாட்டு வண்டிக்கும் டிராக்டருக்கும் போட்ட சாலை அது. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் செல்லும் பாதையும் அதுவே. ஊர்க்காரர்கள் இரும்புச் சட்டம் நட்டு உயரத்தைக் கட்டுப்படுத்தினால் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சட்டம் யாரிடமும் காசு கேட்பதில்லை. எல்லா லாரிக்கும் ஒரே உயரத்தில் நிற்கிறது. பகலில் அனுமதியில்லாத தெருவில் நள்ளிரவில் ஒருவர் கைகாட்டி நிறுத்துகிறாரே, அங்கேதான் விதி மனிதனுக்கு மனிதன் மாறுகிறது. அப்போது தவறு செய்த ஓட்டுநரும் செய்யாத ஓட்டுநரும் ஒரே தொகையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். விதியை மதித்தவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்றால், நாளை அவன் ஏன் மதிக்க வேண்டும்?

பண்ணாரியில் விடிந்தது. ஆறு மணிக்குத் தடுப்பை உயர்த்தினார்கள். வந்த வரிசைப்படியே லாரிகள் ஒவ்வொன்றாக மலையேறின. இரவு பேசிக்கொண்டிருந்த ஓட்டுநர் கைகாட்டிவிட்டுச் சென்றார். அன்று அந்த இடத்தில் அவர் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.