இடாப்பும் இருப்பிடமும்: புத்தளக் கரையோரத்து உள்ளூர் வாக்காளர்

1931ஆம் ஆண்டிலே இலங்கையர் சர்வசன வாக்குரிமையின்கீழ் முதன்முதலாக வாக்களித்தபொழுது வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நிறப் பெட்டி வைக்கப்பட்டது. எழுத்தறியாதாரும் தாம் விரும்பியவரை இனங்காண வேண்டும் என்பதே அதன் நோக்கம். பின்னர் நிறத்தின் இடத்தைச் சின்னம் பெற்றது.

உள்ளூராட்சியைப் பொறுத்தவரையில் இத்தகைய அடையாளங்களின் தேவை குறைவாகவே இருந்தது எனலாம். 1946ஆம் ஆண்டின் உள்ளூர் அதிகாரசபைகள் தேர்தற் கட்டளைச் சட்டம் வட்டாரத்தை அடிப்படையாகக் கொண்டது. புத்தளம், சிலாபம் போன்ற சிறு பட்டினங்களில் வட்டாரத்து வேட்பாளரை வாக்காளர் முகமறிவர், குடிவழியும் அறிவர். அவ்வறிவிலே கடனும் சம்பந்த உறவும் கலந்திருந்தமை உண்மையே. ஆயினும், ஒழுங்கையில் வெள்ளம் நின்றபோது வராத உறுப்பினர் யாரென்பதைப் பிறர் சொல்லி அறியவேண்டிய நிலை இருக்கவில்லை. 1991ஆம் ஆண்டு விகிதாசார முறையில் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றபோது வட்டார உறுப்பினர் மறைந்தார். கட்சிப் பட்டியலும் விருப்பு வாக்கும் வந்தன.

புத்தளக் கரையோரத்திலோ, அதற்கு முந்திய ஆண்டிலேயே இதனினும் ஆழமான பிளவொன்று நேர்ந்துவிட்டது. 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிற் குடியேறினர். அவர்கள் நீர் அள்ளியது கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்கிணறுகளில். உரம் மிகுந்த தோட்டச் செய்கையால் அந்நீரில் நைத்திரேற்று ஏறியிருந்தது. குப்பை, வீதி, சந்தை ஆகிய யாவும் புத்தளத்து மன்றங்களின் பொறுப்பிலிருந்தன. பலருடைய பெயரோ வடக்கின் வாக்காளர் இடாப்பிலேயே நின்றது. ஆள் வதியும் இடத்திலே பதியப்படுதல் பொது விதி. இடம்பெயர்ந்தோருக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டிலும் இதற்கெனச் சிறப்பேற்பாட்டுச் சட்டமொன்று நிறைவேற்றப்பட்டது.

விதிவிலக்கு நியாயமானதே. வடக்கிற் பெயரை வெட்டுவது, காணிக்கும் மீளத் திரும்பும் உரிமைக்கும் கைவிரிப்பதாகத் தோன்றியது. புத்தளத்திற் பதிந்தாலோ, நெடுங்காலம் அங்கு வாழ்ந்தோர் தம் பங்கு குறையும் என ஐயுற்றனர். இவ்விரண்டுக்குமிடையில் நின்றவர், தாம் நாள்தோறும் கண்டறிந்த மன்றத்துக்கு வாக்களிக்க இயலவில்லை. வாக்களிக்கக்கூடிய மன்றத்தின் நடப்பையோ பிறர் வாய்ச்சொல்லாலேயே அறிந்தனர். வாக்காளர் கல்வி பற்றிப் பேசுவோர் துண்டுப் பிரசுரங்களையும் கூட்டங்களையுமே பெரிதும் கருதுவர். ஒருவர் எம்மன்றத்தைப் பற்றி அறிதல் வேண்டும் என்ற வினா அவற்றுக்கு முந்தியது.

2018 பெப்ரவரி 10ஆந் திகதித் தேர்தலில் வட்டாரம் மீண்டும் வந்தது: உறுப்பினருள் 60 சதவீதத்தினர் வட்டாரத்திலிருந்தும் 40 சதவீதத்தினர் பட்டியலிலிருந்தும் தெரிவாகும் கலப்பு முறை. ஆனால் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் இல்லை. கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் பெயரும் சின்னமுமே இருந்தன. வட்டாரத்தில் வாழ்பவருக்கு இது சிறு குறை; தொலைவிலிருந்து வருபவருக்கு அவ்வாறன்று.

அவர்களுட் பலர் அப்பொழுதும் தொலைவிலிருந்தே வந்தனர். 2019 நவம்பர் 16ஆந் திகதி, சனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றோரின் பேருந்துகள்மீது தந்திரிமலைக்கு அருகில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை.