கிரானைட் யாருடைய பிள்ளை?

1785-ல் ஸ்காட்லாந்தின் டில்ட் ஆற்றங்கரையில் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் துள்ளிய துள்ளலைப் பார்த்து, உடன் வந்த வழிகாட்டிகள் அவருக்குத் தங்கமோ வெள்ளியோ அகப்பட்டுவிட்டது என்றே நம்பினார்களாம். அகப்பட்டது வெறும் சிவப்புக் கல். கரிய பழம்பாறைக்குள் கிரானைட் கொடிகொடியாகப் புகுந்து கிடந்தது. உருகிய குழம்பாக இருந்தால் ஒழிய அப்படிப் புக முடியாது. ஆதிக்கடலில் முதன்முதலாகப் படிந்த கல் கிரானைட் என்று ஜெர்மனியில் வெர்னர் கற்பித்துவந்த பாடம் அங்கே ஆட்டம் கண்டது.

சரி, உருகித்தான் வந்தது. எது உருகி? இந்த வழக்கு இருநூறு ஆண்டு இழுத்தது.

வாஷிங்டன் ஆய்வகத்தில் பாறைப் பொடிகளை உலையில் உருக்கி ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நார்மன் போவென், 1928-ல் ஒரு நூல் எழுதினார். மேலோட்டுக்குக் கீழுள்ள கவசம் கொஞ்சம் உருகினால் பசால்ட் குழம்பு வரும். அது ஆழத்திலேயே ஆறும்போது ஒலிவின், பைராக்சீன் போன்ற கனத்த படிகங்கள் முதலில் தோன்றி, பாயசத்தில் ஜவ்வரிசி போல அடியில் தங்கும். கப்ரோ முதலிய கரும்பாறைகள் இப்படிப் பிறந்தவை. மிஞ்சும் குழம்பில் சிலிக்கா ஏறி ஏறிக் கடைசியில் கிரானைட் ஆகும். ஆக, எல்லாமே கவசத்தின் சொத்து.

அழகான கணக்குதான், அளவில்தான் இடித்தது. இந்த வழியில் பசால்ட்டிலிருந்து பத்தில் ஒரு பங்கு கிரானைட் தேறினாலே பெரிது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரோ பெரும்பாலும் கிரானைட் இனப் பாறை. அதற்கு ஈடான பத்து மடங்கு கப்ரோ எங்கே?

கிழக்கு கிரீன்லாந்தில் 1930-ல் லாரன்ஸ் வேகர் கண்ட ஸ்கேர்கார்ட் பாறைத்தொகுதி இதற்கு விடை தரும் என்று தோன்றியது. 1935–36 குளிர்காலத்தை அங்கேயே கழித்து, சக ஆய்வாளர் டீருடன் சேர்ந்து 1939-ல் அறிக்கை வெளியிட்டார். அடுக்கடுக்காகக் கப்ரோ; படிகங்கள் படிந்த விதம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. அந்த மட்டில் போவெனுக்கு வெற்றி. ஆனால் மிஞ்சிய குழம்பு சிலிக்காவை விட்டு இரும்பின் பக்கம் சாய்ந்திருந்தது. கிரானைட் போன்ற பாறை கிடைத்தது சொற்பம்.

எதிரணிக்கு லண்டனின் எச். எச். ரீட் தலைமை. மேலோட்டின் பழைய படிவுகளே ஆழத்தில் வெந்து உருமாறிக் கிரானைட் ஆகின்றன என்பது அவர்கள் கட்சி. உருகவே வேண்டியதில்லை என்றுகூடச் சிலர் சொன்னார்கள், அது அதிகப்படி. இதில் வேடிக்கை, மேலோடு உருகக்கூடும் என்பதற்கு வலுவான சான்று போவெனின் ஆய்வகத்திலிருந்தே வந்தது. நீரும் அழுத்தமும் சேர்ந்தால் கிரானைட் கலவை 700 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே உருகும் என்று 1958-ல் வெளிவந்த ஆய்வில் சக ஆய்வாளர் டட்டிலும் அவரும் காட்டியிருந்தார்கள். பசால்ட் குழம்பின் சூடு 1,200 டிகிரியை ஒட்டியது. அது மேலோட்டின் அடியில் வந்து தேங்கினால், மேலே இருப்பது உருகாமல் என்ன செய்யும்?

பங்கு பிரித்துச் சொல்ல ஸ்ட்ரான்சியம் உதவியது. மேலோட்டில் ருபிடியம் அதிகம். அதில் ஒரு வகை மெல்லச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. எனவே பழைய மேலோட்டில் ஸ்ட்ரான்சியம்-86க்கு எதிரே 87-இன் விகிதம் 0.710-ஐத் தாண்டிப்போகும். கவசத்திலிருந்து நேரே வந்த இளம்பாறைகளில் சுமார் 0.703. கிரானைட்டுகளை அளந்தபோது பல இரண்டுக்கும் நடுவே நின்றன.

1974-ல் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவை ஆராய்ந்த சாப்பெலும் ஒயிட்டும் கிரானைட்டை இரண்டாகப் பிரித்தார்கள். களிமண் படிவு உருகிப் பிறந்தது ‘எஸ்’ வகை. முன்னொரு காலத்தில் குழம்பாய் இருந்து உறைந்த பாறை மறுபடி உருகிப் பிறந்தது ‘ஐ’ வகை. உலகமே இதைப் பின்பற்றியது. 2007-ல் அதே வட்டாரத்து ‘ஐ’ வகையின் சிர்கான் மணிகளில் ஆக்சிஜனையும் ஹாஃப்னியத்தையும் அளந்தார்கள். கவசத்துக் குழம்போடு படிவுப் பாறையும் அதில் கலந்திருந்தது.