அறுபது நிமிஷம்

“மாமா, இவன் என்ன இவ்ளோ லேட்டா குதிக்கிறான்? பட்டனை அமுக்கி எவ்ளோ நேரம் ஆச்சு!”

அக்கா பையன் கேட்டது இது. அவன் கையில் இருந்தது பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் பழைய டாஸ் வடிவம். முப்பது வருஷமாக நான் விளையாடிக்கொண்டிருக்கும் ஆட்டம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், அவன் கேட்ட கேள்வியில்தான் இந்த ஆட்டத்தின் சரித்திரமே இருக்கிறது.

1985இல் ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடுப்பு மாட்டிவிட்டு, ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்தார். பிறகு அந்தப் படத்தை ஒவ்வொரு சட்டமாக நிறுத்தி, உருவத்தை வரைந்து ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். வாள்சண்டைக்கு ஆள் கிடைக்கவில்லையோ என்னவோ, 1938இல் வந்த ராபின் ஹூட் படத்தின் கடைசிச் சண்டையிலிருந்து சில நொடிகளை எடுத்துக்கொண்டார். இசை அவருடைய அப்பா போட்டது. குடும்பத் தொழில் மாதிரி! 1989இல் புரோடர்பண்ட் நிறுவனம் வெளியிட்டபோது ஆப்பிள் 2இன் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஆட்டம் சரியாக விற்கவில்லை. மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் போன பிறகுதான் பிழைத்தது.

ஆக, திரையில் ஓடுவது ஒரு நிஜ உடம்பு. காலை எடுத்து வைத்துவிட்டால் அந்த அடி முடியும்வரை திரும்ப முடியாது. ஓடிவந்து குதித்தால் இத்தனை கல் தாண்டலாம், நின்றபடி குதித்தால் இவ்வளவுதான் என்று கணக்கு இருக்கிறது. அரண்மனை முழுவதும் அந்தக் காலடிக் கணக்கில் கட்டப்பட்டது. பையன் சொல்லும் ‘லேட்’டை எடுத்துவிட்டால் பள்ளங்களுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

நான் முதன்முதலில் இதைப் பார்த்தது எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சென்டரில். டாஸ் கட்டளைகள் முடிந்து மிஞ்சும் கால் மணி நேரத்தை சார் கண்டுகொள்ள மாட்டார். கலர் மானிட்டர் கிடையாது. புட்டியின் மேல் கொப்பளிக்கும் குமிழ் சிவப்பென்றால் மருந்து, நீலமென்றால் விஷம் என்பது உலகத்துக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்கு எல்லாம் ஒரே நிறம். குடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த பாத்திரம் இளவரசன் இல்லை, நிழல் மனிதன். எதிரிகளை வரைய ஆப்பிள் 2இன் நினைவகத்தில் இடமில்லை என்று மெக்னர் கைவிரித்திருந்தார். கூட இருந்த தோழி விடாமல் நச்சரித்தார். கடைசியில் இளவரசனின் உருவத்தையே ஒரு புள்ளி நகர்த்தி, அதன் மேலேயே பதித்தபோது மினுங்கும் ஒரு ஆவி கிடைத்தது. தனியாக எதுவும் வரைய வேண்டியிருக்கவில்லை. நாலாவது லெவலில் கண்ணாடிக்குள் பாய்ந்தால் மறுபக்கமாக வெளியேறுகிறான். அடுத்த லெவலில் நமக்கான மருந்தைக் குடித்துவிட்டுப் போகிறான். பன்னிரண்டாவதில் எதிரே வந்து நிற்கிறான். அவனை வெட்டினால் நம் உயிர் குறையும். சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பிறகும் மாசக்கணக்கில் அவனோடு மல்லுக்கட்டினேன். வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கிப் போக வேண்டும், அவ்வளவுதான். கையில் வாள் இருக்கும்போது யாருக்குத் தோன்றும் அது?

மறு ஆக்கங்களை நான் ஒட்டுமொத்தமாக வெறுப்பவன் இல்லை. 1992இல் சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்தது இருபது லெவல், நூற்றிருபது நிமிஷம். நீட்டி முழக்கினாலும் உடம்பின் கனம் அப்படியே இருந்தது. 2003இன் ‘சேண்ட்ஸ் ஆஃப் டைம்’ வேறு ஆட்டமே. மெக்னரும் அதில் வேலை செய்தார். காலத்துக்குப் பயந்த இளவரசன் அதில் காலத்தைப் பின்னோக்கித் திருப்புகிறான். அழகான பதில். 2007இன் ‘கிளாசிக்’தான் எனக்கு ஒட்டவில்லை. அதே அறைகள், அதே பொறிகள், கண்ணைப் பறிக்கும் படங்கள். ஆனால் அசைவை வழுக்கலாக்கி, சுவரில் உதைத்துத் தாவவும் உருளவும் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். வீடு அதேதான், குடியிருப்பவன் மாறிவிட்டான். ‘சேண்ட்ஸ் ஆஃப் டைம்’ ஆட்டத்துக்கே 2020இல் ஒரு மறு ஆக்கம் அறிவித்து, 2021 ஜனவரியில் வரும் என்றார்கள். வரவில்லை.

இதற்கு நடுவே 2012இல் மெக்னரின் அப்பா வீட்டு அலமாரியில் ஒரு பெட்டி கிடைத்தது. உள்ளே பழைய வட்டுகள். ஆட்டத்தின் மூல நிரல், தொலைந்துபோனதாக நினைத்திருந்தது. பழைய வட்டுகளைப் படிக்கத் தெரிந்தவர்களைக் கூட்டி அதை மீட்டு, யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்துவிட்டார் மெக்னர். ரசிகர்கள் டாஸ் வடிவத்தைப் பிரித்து மேய்ந்து, இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி எஸ்டிஎல்பாப் என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது ஒன்று: பழைய ஆட்டத்தின் பிழைகளை அவர்கள் சத்தமில்லாமல் திருத்திவிடவில்லை. திருத்தங்களை வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம், வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம். பிழைக்கும் மரியாதை.

பையனுக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்தேன், திருத்தங்களை நிறுத்திவிட்டு. மூணாவது லெவலில் இருக்கிறான். அங்கே ஒரு எலும்புக்கூடு எழுந்து வாள் பிடிக்கும். எத்தனை தடவை குத்தினாலும் சாகாது. ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய்க் கீழே விழவைக்க வேண்டும். ஸ்பேஸ் பாரைத் தட்டினான். நாற்பத்தோரு நிமிஷம் பாக்கி.

“மாமா, இதுக்கு உயிரே கொறைய மாட்டேங்குது!”

நான் இன்னும் சொல்லவில்லை.